முத்திரை குத்தியவர்களே முதற்குற்றவாளிகள்

நூறு வீடுகளில் பத்து வீட்டுச் சுவர் கெட்டால் கட்டிய மேஸ்திரியைக் குறை சொல்லலாம். நூறில் 98 வீட்டுச் சுவர் கெட்டால் குற்றம் மேஸ்திரியோடு நிற்காது. அவருக்கு வேலையும் கூலியும் கொடுத்து, ‘எல்லாம் சரி’ என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தவர்கள் வரை அது போகும். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அவர்களையெல்லாம் கூண்டில் ஏற்றும் அறிக்கை.

அது சொல்வது இதுதான். அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவரில் வெப்பக்காப்பு பொருத்தப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில், அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், மறுபடி கைவைத்துச் சரிசெய்தே தீர வேண்டிய பெருங்குறைகள் உள்ளன. உட்சுவரில் பொருத்தப்பட்டவற்றில் 29 விழுக்காடு, 9,000 முதல் 13,000 வீடுகள், இதே நிலையில். வெளிச்சுவர் வேலைகளில் 6 விழுக்காடும் உட்சுவர் வேலைகளில் 2 விழுக்காடும் குடியிருப்போருக்கு உடனடி ஆபத்து தருபவை: மின்சாரம் ஓடும் கம்பி வெளியே கிடக்கிறது, அல்லது பாய்லருக்கான காற்றுவழி அடைபட்டிருக்கிறது. குளிரிலிருந்து காக்கிறோம் என்று வந்தவர்கள், வீட்டுக்குள் ஆபத்தைக் குடியேற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இது யார் பணத்தில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. பெரிய எரிசக்தி நிறுவனங்கள் ஏழைகளின் வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற கடப்பாட்டை 2013 முதல் அந்நாட்டு அரசு விதித்து வந்தது. அந்தச் செலவை நிறுவனங்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கவில்லை; ஒவ்வொரு வீட்டின் மின்சார, எரிவாயு பில்லிலும் அது ஏறியது. 2022இல் தொடங்கிய நான்காம் கட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 400 கோடி பவுண்டு. ஊரே பணம் போட்டு, ஊரில் இருப்பவர்களிலேயே இல்லாதப்பட்டவர்களின் வீட்டைக் கெடுத்திருக்கிறது. இதைவிடக் கசப்பான ஒரு நலத்திட்டத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்.

கெட்டது எப்படி என்பதில் மர்மம் ஏதும் இல்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேய வரிசை வீடுகளின் சுவர் முழுச் செங்கல் சுவர். நடுவே இடைவெளி கிடையாது. மழையில் நனையும், காற்றில் உலரும். அதன்மேல் வெப்பக்காப்புப் பலகையை ஒட்டி, மேலே பூச்சுப் பூசினால் வீட்டின் சூடு வெளியே போகாது, உண்மைதான். ஆனால் கூரை விளிம்பிலும் சன்னல் ஓரத்திலும் விடப்படும் ஒரு விரற்கடை இடுக்கு போதும், மழைநீர் பலகைக்குப் பின்னே இறங்கிவிடும். இறங்கிய நீருக்கு உலர வழியில்லை. வீட்டை இப்படி இறுக மூடும்போது சமையலறையிலும் குளியலறையிலும் காற்று வெளியேற விசிறி வைக்காவிட்டால், மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் குளிர்ந்த மூலைகளில் படியும். ஓதம் ஏறும்; பின்னாலேயே கரும்பூஞ்சை வரும். பூச்சு பூசி முடித்த அன்று சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். பலகைக்குப் பின்னே நடப்பது, தெரிந்தவர் நேரில் வந்து தேடினால்தான் தெரியும். அதனால்தான் இந்த வேலையில் ஆய்வு என்பது கடைசியில் செய்யும் சடங்கு ஆகிவிடக் கூடாது. வேலையில் பாதி அதுதான்.

பூஞ்சை சில்லறைத் தொல்லையுமல்ல. ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் சாவுக்கு, வீட்டில் நெடுநாள் மண்டிக்கிடந்த பூஞ்சையே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டம், பூஞ்சையைக் கண்டும் காணாமல் விடும் சமூகக் குடியிருப்பு உரிமையாளர்களுக்குக் காலக்கெடு விதிக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2025 அக்டோபரில், தணிக்கை அறிக்கை வந்த அதே மாதத்தில். ஒரு கையால் பூஞ்சைக்கு எதிராகச் சட்டம். மறு கையால் பூஞ்சை வளர்க்கும் திட்டம். இந்த முரணுக்கு அந்த அரசு இன்னும் முகம் கொடுத்துப் பதில் சொல்லவில்லை.

சரி, ஆய்வே இல்லையா? இருந்தது. அளவுக்கு மீறியே இருந்தது. அரசின் ஒப்புதல் பெற்ற டிரஸ்ட்மார்க் என்ற தர முத்திரை அமைப்பு. அதன் கீழே நிறுவனங்களுக்குச் சான்று வழங்கும் அமைப்புகள். அந்த அமைப்புகளுக்கு அங்கீகாரம் வழங்க இன்னொரு அமைப்பு. பணக்கணக்கைப் பார்க்க எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அமைச்சகம். இத்தனை படி இருந்தும் ஈரச் சுவர் யார் கண்ணிலும் படவில்லை. காரணம் எளியது. சான்று வழங்கும் அமைப்புக்குக் கட்டணம் கட்டுபவர் சான்று வாங்கும் ஒப்பந்தக்காரர். வீட்டுக்கு எது பொருந்தும், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஒருங்கிணைப்பாளரையும் ஒப்பந்த நிறுவனமே அமர்த்திக்கொள்ளலாம். தேர்வு எழுதியவன் கையிலேயே சிவப்பு மையையும் கொடுத்தால் மதிப்பெண் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது சான்றிதழ்களும். அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆய்வாளர்கூட இந்த ஏணியில் எங்கும் இல்லை.

தணிக்கை அலுவலகம் காட்டும் மற்றக் காரணங்களும் இதன் கிளைகளே: வேலையை உள்குத்தகைக்கு விட்டு, பயிற்சியும் தகுதிச் சான்றும் இல்லாதவர்களை ஏணியில் ஏற்றியது, எந்தத் தரவிதி எந்த வேலைக்கு என்பதில் குழப்பம், வடிவமைப்பிலும் பொருத்துவதிலும் செலவைக் குறைக்கக் குறுக்குவழி. கண் மூடிய இடத்தில் கள்ளமும் நுழைந்தது. 5,600 முதல் 16,500 வீடுகள் வரை பொய்க்கணக்கு எழுதப்பட்டிருக்கலாம், அதன் மதிப்பு 5.6 கோடி முதல் 16.5 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்பது ஆஃப்ஜெம்மின் மதிப்பீடு. 2026 ஜனவரியில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இதைக் கடும் மோசடி விசாரணை அமைப்பிடம் கொண்டுபோகச் சொன்னது சரியான முடிவு.

இங்கே தீர்ப்பைத் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும். மோசமாக வேலை செய்த ஒப்பந்தக்காரர் குற்றவாளி. பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர் அவரைவிடப் பெரிய குற்றவாளி. ஏனென்றால் அவர் விற்றது நம்பிக்கையை. கதவைத் தட்டி ‘இலவசம்’ என்று சொன்ன அந்நியருக்கு ஒரு தாய் கதவைத் திறந்தது, அவர் கையிலிருந்த அரசு முத்திரையைப் பார்த்துத்தான். அந்த முத்திரையை இரவல் கொடுத்துவிட்டு, அது எங்கெங்கே குத்தப்படுகிறது என்று திரும்பிப் பார்க்காமல் இருந்த அரசே முதற்குற்றவாளி.

தெரியாமல் நடந்தது என்ற வாதமும் எடுபடாது. பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில், இதற்கு முந்தைய திட்டம் ஒன்றின் கீழ் அவசர அவசரமாக வெளிச்சுவர் வெப்பக்காப்பு பொருத்தப்பட்ட நூற்றுக்கணக்கான வீடுகளில் மழை உள்ளே இறங்கிச் சுவர் பாழானது பத்தாண்டுக்கு முந்தைய கதை. அத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே பீட்டர் பான்ஃபீல்ட் தலைமையில் மறுஆய்வு நடத்தி, 2016இல் அறிக்கையும் வாங்கினார்கள். டிரஸ்ட்மார்க் முத்திரை இன்றைய வடிவம் பெற்றதே அந்த அறிக்கையின் விளைவாகத்தான். நோய் தெரிந்தது, மருந்தும் எழுதி வாங்கப்பட்டது. மருந்துச்சீட்டைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நோயாளியை மறந்தார்கள்.

கடல் கடந்தும் எச்சரிக்கை இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரியில், பொருளாதார மந்தத்தை எதிர்கொள்ள, கெவின் ரட் அரசு வீட்டுக்கூரைகளில் வெப்பக்காப்பு பொருத்தும் திட்டத்தை அறிவித்தது. வேகமாகப் பணத்தைப் புழக்கத்தில் விட வேண்டும் என்ற அவசரத்தில் பயிற்சியும் மேற்பார்வையும் பின்தங்கின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காமல். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் இயன் ஹேங்கர் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் இவை என்பதைப் பதிவு செய்தது. அவசரமும் ஆய்வின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதன்பிறகும் ஒரு பாடம் தேவைப்பட்டதா?

‘ஒவ்வொரு வீட்டையும் ஆய்வு செய்தால் செலவு கூடும், வேலை தாமதமாகும், குளிரில் ஏழைகள் காத்துக்கிடப்பார்கள்’ என்பார்கள். காத்திருப்பின் துன்பம் உண்மை. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் இப்போது என்ன நடக்கிறது? இத்திட்டங்களில் வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகள் எல்லாவற்றையும் இலவசமாக ஆய்வு செய்து தருவதாக அரசே அறிவித்திருக்கிறது. முன்னால் மிச்சம் பிடித்த ஆய்வைப் பின்னால் செய்கிறார்கள். அத்துடன் பலகையைப் பிரிக்கும் செலவு, சுவரைத் திருத்தும் செலவு, நடுவில் கெட்டுப்போன உடம்பு. எது சிக்கனம் என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் ஏழை வீடுகளுக்காக 1976இல் தொடங்கிய குளிர்காப்புத் திட்டத்தில், சான்று பெற்ற தர ஆய்வாளர் இறுதி ஆய்வு முடித்துக் கையெழுத்திடாத எந்த வீடும் ‘முடிந்த வேலை’ என்று கணக்கில் ஏறக் கூடாது என்பது விதி. வாசலில் விசிறியைப் பொருத்திக் காற்றை இழுத்து, வீடு எவ்வளவு கசிகிறது என்று எண்ணில் அளக்கிறார்கள். அடுப்பும் பாய்லரும் விடும் புகையைச் சோதிக்கிறார்கள். அதற்கு மேல் மாநில அரசு மாதிரி ஆய்வு செய்கிறது. ஆய்வாளர் அந்த வேலையில் சம்பந்தப்படாதவராக இருந்தால் 5 விழுக்காடு வீடுகள். வேலையைத் திட்டமிட்டவரே ஆய்வும் செய்திருந்தால் 10 விழுக்காடு. தன் வேலையைத் தானே பார்ப்பவரை இருமடங்கு சந்தேகிக்க வேண்டும் என்ற உலக ஞானம் அந்த ஒரு விதியில் இருக்கிறது. அங்கும் தவறுகள் நடக்காமலில்லை. ஆனால் தவறு பிடிபடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

பிரிட்டன் செய்ய வேண்டியது இனி விவாதத்துக்குரியதல்ல. ஆய்வாளருக்கான ஊதியம் ஒப்பந்தக்காரர் கையிலிருந்து போகக் கூடாது. பொது நிதியிலிருந்து போக வேண்டும். பலகை ஒட்டும்போது ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை, ஒரு மழைக்காலம் கழித்து ஒருமுறை என்று நேரில் வந்து பார்க்க வேண்டும்; படத்தைப் பார்த்துப் பணம் தரும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆய்வு அறிக்கையின் முதல் படி குடியிருப்பவர் கைக்கு, அவருக்குப் புரியும் மொழியில் போக வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் பழைய செங்கல் வரிசை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முதியவர்களுக்கு ஆங்கிலத்தில் பத்துப் பக்கப் படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. தாமதமாக விழித்தபின் 2025 ஜனவரியில் 39 நிறுவனங்களை இடைநீக்கம் செய்தது தொடக்கம்தான். வேலை செய்த நிறுவனம் மூடிப்போனால் திருத்தும் செலவுக்கான உத்தரவாதம் 20,000 பவுண்டோடு நின்றுவிடும் என்ற வரம்பும் அநீதி. அரசின் முத்திரையால் வந்த சேதத்தை முழுதாக அரசே ஏற்க வேண்டும்.

2025 நவம்பர் வரவுசெலவு அறிக்கையில் இந்தக் கடப்பாட்டுத் திட்டத்தையே தொடரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். திட்டத்தை மூடலாம், கடனை மூட முடியாது. வீடுகளை வெதுவெதுப்பாக்க ஏறத்தாழ 1,500 கோடி பவுண்டில் புதிய திட்டம் இப்போது அறிவிக்கப்பட்டிருக்கிறது. பழைய திட்டத்தில் கெட்ட கடைசி வீடு திருத்தப்படும் முன்னும், குடியிருப்பவருக்கு மட்டுமே கட்டுப்பட்ட ஆய்வாளர் படை அமையும் முன்னும், அந்தப் பணத்தில் ஒரு பவுண்டைக்கூட எந்த ஒப்பந்தக்காரருக்கும் கொடுக்க இந்த அரசுக்குத் தார்மிக உரிமை கிடையாது.