வீடு கட்ட யாரைக் கேக்கோணும்?



"எங்க மாமனாரு பண்ணாடியக் கேட்டுக் குடிசை போட்டாரு. எங்க மாமியா கலெக்டரு ஆபீசுக்கு நடையா நடந்து பட்டா வாங்குச்சு. இப்ப எம் பையன் ஊடு கட்ட யாரைக் கேக்கோணும் கண்ணு?"

பல்லடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மடியில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் மடித்து மடித்து நைந்துபோன வீட்டுமனைப் பட்டா. மூணு சென்ட். பட்டாவில் இருப்பது மாமியார் பேர். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருசம் ஆச்சு. ஓட்டு வீடு ஒழுகுது. பிரித்துவிட்டு ரெண்டு ரூமோடு ஒரு தார்சு வீடு கட்டலாம் என்று பேங்க்குக்குப் போனால், ‘ப்ளான் அப்ரூவல்’ கொண்டு வாங்க என்கிறார்கள். அந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கத்தான் ஜெராக்ஸ் கடைக்கு வந்திருக்கிறார்.

அவருடைய மகன் கொத்தனார். பல்லடத்திலும் திருப்பூரிலும் அவர் சுவர் எழுப்பாத தெரு குறைவு. வரைபடத்தை விரித்தால் எந்த மூலையில் தூண், எந்தப் பக்கம் படி என்று விரல் வைத்துச் சொல்லுவார். அடுத்தவன் வீட்டு ப்ளானை இருபது வருசமாகப் படித்தவர் பேரில் ஒரு ப்ளான் இல்லை. வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு என்று மதிப்பில் 1 சதவீதம் அரசு வாங்குகிறது. எந்தத் தொழிலாளியின் பேரால் அந்தப் பணம் வாங்கப்படுகிறதோ, அவர் வீடு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

பெரியம்மா கேட்டது ஒரு கேள்வி மாதிரித் தெரியலாம். அதில் மூணு தலைமுறையின் வரலாறு இருக்கிறது.

முதல் அனுமதி பண்ணாடியுடையது. கொங்கு நாட்டில் பண்ணையத்துக்கு இருந்த மாதாரிகளுக்கு வளவு இருந்தது. வளவு நின்ற மண் அவர்களுடையதாக இருக்கவில்லை. பண்ணாடி சொன்னால் குடிசை நிற்கும். கூலி கேட்டாலோ, நிமிர்ந்து பேசினாலோ கூரை போய்விடும். நம் ஆட்களைக் கட்டிப்போட வேறு கயிறு தேவைப்படவில்லை, குடியிருக்கிற இடமே போதுமானதாக இருந்தது. செங்கல்பட்டிலும் இதே கதைதான். 1891-ல் அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், பறையர் குடியிருக்கும் மனை மீதும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடுவதைக் கண்டு அரசுக்கு அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்டது. அந்த நிலம் எங்கே போச்சு என்று கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். மண்ணைக் கேட்டால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த இரண்டு பிணங்கள் சாட்சி.

இரண்டாவது அனுமதி சர்க்காருடையது. 1971-ல் தமிழ்நாட்டில் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனையை உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1978-ல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நிலக்காரர்கள் போட்ட வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. சட்டம் நின்றது. சும்மா யாரும் தூக்கிக் கொடுத்த பட்டா அல்ல இது. நம் அம்மாக்கள் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் கைக்குழந்தையோடு காத்துக் கிடந்து வாங்கியது.

ஆனால் கொடுத்த காகிதத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். பட்டா கையில் இருக்கும், மனையை அளந்து கல் நட்டிருக்க மாட்டார்கள். தோராயப் பட்டா வந்திருக்கும், தூய பட்டா வந்திருக்காது. தாத்தா பேரிலோ பாட்டி பேரிலோ அப்படியே நின்றுபோயிருக்கும். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உட்பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலையணும். விசைத்தறிக்கோ கோழிப் பண்ணைக்கோ வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அப்படி எத்தனை நாள் லீவு போட முடியும்?

மூன்றாவது அனுமதிதான் இப்போது பெரியம்மா கேட்பது. குடியிருப்புச் சட்டம் வந்த அதே 1971-ன் பேரில்தான் நகர் ஊரமைப்புச் சட்டமும் இருக்கிறது. இன்றைக்கு நடப்பது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். எவ்வளவு இடம் விடணும், எவ்வளவு உயரம் போகலாம், எல்லாம் அதில் இருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறையை அரசு கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுவதற்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. பெரியம்மாவின் மூணு சென்ட் என்பது சுமார் 1307 சதுர அடி. கணக்குப்படி தாராளமாக அடங்குகிறது.

ஆனால் கம்ப்யூட்டரும் முதலில் கேட்பது பழைய கேள்வியைத்தான்: இடம் யார் பேரில் இருக்கிறது? செத்துப்போன மாமியார் வந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட முடியாது. உடனடி அனுமதி என்பது, உடனடியாகக் காட்ட மண் உள்ளவனுக்கு உடனடி. கிராமங்களில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கிற கலைஞர் கனவு இல்லம் திட்டத்துக்கும் கையில் பட்டா வேணும். இரண்டாவது அனுமதியில் விட்ட ஓட்டை மூன்றாவது அனுமதியில் பள்ளமாகிவிட்டது. கடைசியில் பேங்க் கொடுக்காத கடனை மைக்ரோ பைனான்ஸ்காரன் கொடுக்கிறான். வாரா வாரம் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

இந்தச் சட்டம் எல்லோரையும் ஒரே டேப்பில் அளக்கிறதா என்பதுதான் என் அடுத்த கேள்வி. கோவையைத் தாண்டினால் மேட்டுப்பாளையம். அங்கே நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் நம் மக்களின் ஓட்டு வீடுகள் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று முன்னாலேயே சொன்னோம் என்று அந்த மக்கள் கதறினார்கள். நியாயம் கேட்டு ஆஸ்பத்திரி முன்னால் கூடியவர்களுக்குத் தடியடி. நாகை திருவள்ளுவனுக்குச் சிறை. ஒரு குடிசையின் தாழ்வாரம் ரெண்டு அடி ரோட்டுப் பக்கம் வந்தால் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. இருபது அடி கருங்கல் சுவர் மட்டும் எப்படித் தெரியாமல் போச்சு?

நமக்கு இன்னும் பக்கத்தில், அவிநாசி வட்டம் சேவூரில், தேவேந்திரன் நகர் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2024-ல் தான் இடிக்கப்பட்டது. மக்கள் விடாமல் மனு மேல் மனு போட்ட பிறகுதான் அதுவும். ஆக, கட்டட அனுமதி என்பது இன்ஜினியர்களின் சமாச்சாரம் மட்டும் இல்லை. யாருடைய சுவர் நிற்கும், யாருடைய வீடு விழும் என்று தீர்மானிக்கிற அரசியல் அது.

தோழர்கள் சிலர் என்னிடம் சொல்கிறார்கள்: "நம்ம மண்ணுல நாம ஊடு கட்ட எதுக்கு இவனுககிட்டப் போயி நிக்கோணும்? கட்டிட்டுப் போலாம், வந்து இடிக்கட்டும் பாக்கலாம்." இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடிக்க வருகிறவன் கையில் எடுப்பதே ‘அனுமதியற்ற கட்டடம்’ என்ற வார்த்தையைத்தான். வடநாட்டில் புல்டோசர் போன வீடுகளைப் பார்த்தோம். 2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம், 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வீட்டை இடிக்கக் கூடாது என்று சொன்னது. அதே தீர்ப்பில், சாலை, நடைபாதை, நீர்நிலை ஓரத்துக் கட்டுமானங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் இருக்கிறது. ஊருக்கு வெளியே, பள்ளத்தோரம், புறம்போக்கில் யார் தள்ளப்பட்டிருக்கிறார்கள்? நாம்தானே!

முத்திரை குத்திய அந்தக் காகிதம் நமக்கு வேணும். பண்ணாடியின் வாய்வார்த்தையில் நின்ற குடிசைக்கும், சட்டத்தின் வரைபடத்தில் நிற்கிற வீட்டுக்கும் உள்ள தூரம்தான் நம் தாத்தாவுக்கும் நமக்கும் உள்ள தூரம். அனுமதி கேட்பது பணிவு ஆகாது. குடிமகன் அரசிடம் தன் கணக்கைக் கேட்கிறான், அவ்வளவுதான்.

இதில் நம் இயக்கங்களுக்கும் ஒரு பங்கு குற்றம் இருக்கிறது. இரட்டைக் குவளைக்குப் போராடினோம். சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம். அதெல்லாம் சரி. பட்டா மாறுதலையும் ப்ளான் அப்ரூவலையும் மட்டும் ‘வசதிப்பட்டவன் பிரச்சினை’ என்று ஒதுக்கிவிட்டோம். அந்த இடத்தில் புரோக்கர் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். சிவில் படிக்கிற தம்பிகளே, உங்கள் வளவில் ஒரு வீட்டை அளந்து வரையுங்கள். சட்டம் படிக்கிற தங்கைகளே, ஒரு பாட்டியின் வாரிசுச் சான்றுக்குத் துணைக்குப் போங்கள். ஒவ்வொரு வளவிலும் எத்தனை பட்டா, யார் பேரில், அளந்து கல் நட்டதா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் வீட்டுக் கூரைக்கு மேல் எவன் சுவராவது நின்றால், அதற்கு அனுமதி உண்டா என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாகணும். நடூரில் 17 பேரைப் பறிகொடுத்த பிறகு கேட்ட கேள்வியை இனி முன்கூட்டியே கேட்போம்.

அரசிடம் நம் கோரிக்கை ஒன்றே ஒன்று. அனுமதியை ஆன்லைனில் கொண்டுவந்தது போல, ஆதிதிராவிடர் மனைகளை அளப்பதையும் வாரிசு பேருக்கு மாற்றுவதையும் வளவுக்கே வந்து, ஒரே நாளில், ஒரே மேசையில் முடித்துக் கொடு. உடனடி அனுமதி கொடுக்கத் தெரிந்த அரசுக்கு உடனடி அளவை தெரியாமல் போகாது.

அன்றைக்குப் பெரியம்மாவின் வாரிசுச் சான்று விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். முகவரிக்கு வந்ததும் ‘காலனி’ என்று சொன்னார். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்ததைச் சொன்னேன். "அப்ப என்னன்னு எழுதறது?" என்றார். தெருப் பேரை மட்டும் எழுதினேன். கைநாட்டு வைக்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டு, அறிவொளியில் கத்துக்கிட்ட தன் பேரை எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினார்.

"யாரைக் கேக்கோணும்?" என்ற கேள்விக்கு அன்று முழுப் பதில் என்னிடம் இல்லை. இப்போது சொல்கிறேன். சட்டத்தைக் கேளுங்க பெரியம்மா. சத்தமாக் கேளுங்க. பக்கத்தில் நாங்க நிக்கிறோம்.

ஜெய்பீம்!