இரண்டரை மணியில் துபாய்?

பாறசாலை, நெய்யாற்றின்கரையைத் தாண்டித்தான் குமரி மாவட்டத்து வளைகுடாப் பயணி விமானம் ஏற வேண்டும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகம் வந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கியது. திருவனந்தபுரம் விமான நிலையமும்தான்.

அங்கிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ. பறக்க ஏறக்குறைய நாலு மணி நேரம். டிக்கெட்டிலோ போக இரண்டரை, வர ஐந்தரை! துபாய் கடிகாரம் ஒன்றரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். அழைத்துவர வண்டி பிடிக்கும் எல்லையோரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். துபாயில் கிளம்பும் நேரத்தோடு வெறும் நாலைக் கூட்டிப் புறப்பட்டால், ஒன்றரை மணி நேரம் வாசலில் தேவுடு காக்க வேண்டும். வண்டிக்காரர் வெயிட்டிங் சார்ஜும் கேட்பார்.