எண்ணா, எண்ணெயா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை மைல் ஓடியிருக்கிறது?" என்பதுதான். விற்கிறவரும் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருக்கிறார். "இருபத்தைந்து வருஷத்தில் 18,000 மைல்தான்!" என்கிறார், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற தகப்பனாரைப் போல. கேட்டவர் கண்கள் விரிகின்றன. பேரம் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது.

இது சுத்த மூடநம்பிக்கை என்பது என் கட்சி. பழைய காரின் ஆயுளையும், சில சமயம் அதில் ஏறி உட்காருகிறவரின் ஆயுளையும் நிர்ணயிப்பது அது ஓடிய தூரம் அல்ல. காலாகாலத்தில் அதற்கு நடந்த பராமரிப்பு.

"ஸ்போர்ட்ஸ் கார் என்பது பணக்காரன் விளையாட்டுச் சாமான். அதில் எவன் ஏமாந்தால் எனக்கென்ன?" என்று வாசகர் கேட்கலாம். புதுக் கார் விஷயத்தில் அது வாஸ்தவம். பழைய கார் விஷயம் அப்படி இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருபது, இருபத்தைந்து வயசான போர்ஷே பாக்ஸ்டரைச் சாதாரணமான ஒரு புதுக் குடும்பக் காரின் விலைக்கும் குறைவாக வாங்கிவிடலாம். அதை வாங்குகிறவர் யார்? பதினெட்டு வயசில் அதன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்து, ஐம்பதாம் வயசில், பிள்ளைகளின் படிப்புச் செலவெல்லாம் தீர்ந்து கையில் மிஞ்சியதை எண்ணிக் கொடுக்கிற பள்ளிக்கூட வாத்தியார், ஆபீஸ் குமாஸ்தா. கோடீசுவரனுக்கு இஞ்சின் போனால் இன்னொரு செக் எழுதுவான். இவருக்குப் போனால் முப்பது வருஷத்து ஆசை போயிற்று, சேமிப்பும் போயிற்று. ஆகவே இது நடுத்தரக் குடும்பத்து விஷயந்தான்.

மைல் மீட்டர் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சக்கரம் சுற்றியதைக் கணக்கு எழுதுகிறது, அவ்வளவுதான். கார் சும்மா நின்ற நாட்களை அது எழுதுவதில்லை. ஆனால் காருக்குள் இருக்கிற பல பொருள்கள், சக்கரம் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் கிழடாகிக்கொண்டே இருப்பவை. ரப்பர் குழாய் காய்ந்து வெடிக்கிறது. பெட்ரோல் டாங்கில் கிடந்து பிசினாகிறது. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 என்ற வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போது பிரேக் ஆயில் கொதித்துவிட்டால், மிதித்த கால் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. "ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்று" என்று பல கம்பெனிகள் சொல்லுவது அதற்காகத்தான்.

இஞ்சின் ஆயிலின் கதையும் இதுதான். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. கார் நெடுந்தூரம் ஓடி இஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினால், ஈரம் ஆயிலிலேயே தங்கி, அமிலத்தோடு கூட்டுச் சேர்ந்து, உள்ளே இருக்கிற உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது இஞ்சினுக்கும் பொருந்துகிறது.

இது வெறும் சித்தாந்தம் அல்ல. போர்ஷே கம்பெனி 1996 முதல் பாக்ஸ்டரிலும், அடுத்த வருஷத்திலிருந்து புது 911-லும் ஒரு புதிய இஞ்சினை வைத்தது. அதன் நடுவில் ஓடுகிற ஒரு தண்டை, மூடி முத்திரையிட்ட ஒரு சின்ன பேரிங் தாங்கி நின்றது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். முத்திரை தளர்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் கரைந்து, அழுக்கு ஆயில் அந்த இடத்தில் புகுந்தால் பேரிங் உடையும். உடைந்தால் இஞ்சின் முழுவதும் நாசம். கார்க்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-ஆம் வருஷம் அமெரிக்கக் கோர்ட்டில் சமரசத்தில் முடிந்தது. இந்த இஞ்சின்களைப் பிரித்துப் பழகிய நிபுணர்கள் பலர் அழுத்திச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: அடிக்கடி ஆயில் மாற்றி நன்றாக ஓட்டப்பட்ட கார்களைவிட, ஓடாமல் கிடந்து, ஆயிலும் மாற்றாமல் விடப்பட்ட கார்களிடந்தான் பயம் அதிகம். "18,000 மைல்தான்" என்று மயங்கி அதிகப் பணம் கொடுத்தவர், எதைப் பார்த்து மயங்கினாரோ அதுவே அவருக்கு ஆபத்தாகிறது.

1994-இல் வந்த பெராரி எப்355-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வால்வுகளை ஓட்டுவது ரப்பர் பெல்ட். இந்த பெல்ட்டுக்கு மைல் கணக்கோடு வருஷக் கணக்கும் உண்டு. மாற்ற வேண்டுமானால் இஞ்சினையே கீழே இறக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கான டாலர். "கார்தான் ஓடவே இல்லையே, பெல்ட்டை எதற்கு மாற்றுவது?" என்று சொந்தக்காரர் தள்ளிப் போடுகிறார். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சின் சிதையும். குறைந்த மைல் என்பது இங்கே பராமரிப்புக்கு அடையாளம் அல்ல. பராமரிக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு.

2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும், காரை ஓட்டிய அவருடைய நண்பரும் விபத்தில் மாண்டார்கள். கார், 2005-ஆம் வருஷத்துப் போர்ஷே கரேரா ஜீ.டி. விபத்துக்குக் காரணம் மிதமிஞ்சிய வேகமே என்று விசாரணையில் முடிவாயிற்று. அதில் தகராறு இல்லை. ஆனால் அதே விசாரணை, அந்த டயர்கள் ஒன்பது வயசானவை என்பதையும் குறித்துக்கொண்டது. டயரின் வயசை மைல் மீட்டர் சொல்லாது. டயரின் விலாவில் பொறித்திருக்கும் நாலு இலக்கந்தான் சொல்லும். 2318 என்றிருந்தால், 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். குனிந்து பார்க்க அரை நிமிஷம் போதும். மைல் மீட்டரைப் பார்த்து மெய்ம்மறந்தவர்கள் அங்கே குனிவதில்லை.

போகட்டும், இத்தனை பக்தி செலுத்துகிற அந்த எண்ணாவது சத்தியசந்தனா? 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. காரின் மீட்டரில் ஐந்து இலக்கந்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடியும் சைபர். 23,000 என்று அது காட்டினால் உண்மையில் 1,23,000 ஆகவும் இருக்கலாம். மீட்டரைத் திருகி வைக்கிற மோசடியைத் தடுக்க அமெரிக்காவில் 1972-லேயே சட்டம் செய்தார்கள். அப்படியும் வருஷத்துக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட கார்கள் பொய் மைலோடு விற்பனையாவதாக அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகாவே மதிப்பிட்டிருக்கிறது. இங்கிலாந்தில் நிலைமை தேவலை, வருஷாந்திர எம்.ஓ.டி. சோதனையில் குறிக்கப்படும் மைலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த ஏட்டில் ஒரு கார் வருஷத்துக்கு 150 மைல் வீதம் பத்து வருஷம் ஓடியதாக இருந்தால், மோசடி இல்லை என்று தெரிகிறது. கார் நன்றாக இருக்கிறது என்று தெரிகிறதா? தெரியாது.

எதிர்க்கட்சியார் சும்மா இருக்க மாட்டார்கள். "ரசீதும் பொய்யாக இருக்கலாமே? சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை குத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் ரசீதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தேதி இருக்கிறது, பட்டறையின் விலாசம் இருக்கிறது, எந்தச் சாமான் போட்டார்கள் என்று இருக்கிறது. டெலிபோன் செய்து கேட்கலாம். புது பெல்ட் போட்டதாகச் சொன்னால் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். மைல் மீட்டரின் எண்ணை எந்த வக்கீலும் கூண்டில் ஏற்ற முடியாது.

"குறைந்த மைல் காருக்குத்தானே மார்க்கெட்டில் விலை?" என்பது அவர்களுடைய பிரம்மாஸ்திரம். விலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விலை என்பது அடுத்து வாங்கப் போகிறவனின் அபிப்பிராயம். காரின் தேக ஆரோக்கியம் அல்ல. அது மட்டுமா? அந்த விலையைக் காப்பாற்ற வேண்டுமானால் வாங்கியவரும் ஓட்டக் கூடாது. ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் பணம் கரைகிறதே! ஆகவே கார் ஷெட்டில் நிற்கிறது. சொந்தக்காரர் வாசலில் காவல் நிற்கிறார். பெட்டியில் பூட்டி வைத்த பட்டுப்புடவை, ஒரு கல்யாணத்துக்கும் கட்டாமலே மடிப்போடு மடிப்பாகக் கிழிந்துபோவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்பது பராமரிப்பு. கட்டாமல் வைப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது.

ஒன்றை ஒப்புக்கொள்வதுதான் நியாயம். மைலுக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. லட்சம் மைல் ஓடிய காரில் கிளட்ச் தேய்ந்திருக்கும். கியர் விழும்போது முனகும். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும். எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று மைல் சொல்லும். நிறைய ஓடி, கவனிப்பும் இல்லாத கார் எல்லாவற்றிலும் மோசம். குறைவாக ஓடியிருந்தாலும் காலண்டரைப் பார்த்து ஆயிலும் பெல்ட்டும் டயரும் மாற்றப்பட்ட கார் கிடைத்தால், பேஷாக வாங்கலாம். அதன் பெருமை மாற்றியதில் இருக்கிறது, ஓடாததில் இல்லை.

என் கட்சிக்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவில், லாங் ஐலண்டில், இர்வ் கார்டன் என்று ஒரு விஞ்ஞான வாத்தியார் இருந்தார். 1966 ஜூனில், ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளமான 4,150 டாலரைக் கொடுத்து, வால்வோ பி1800 எஸ் என்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். வாங்கியவுடன் இரண்டு நாளில் 1,500 மைல் ஓட்டிவிட்டு முதல் சர்வீசுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். வேலைக்குப் போய்வரவே தினம் 125 மைல். ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றினார். கம்பெனிப் புத்தகத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தார். 1987-இல் பத்து லட்சம் மைல். 2013 செப்டம்பரில், அலாஸ்காவில், முப்பது லட்சம் மைல். கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். 2018-இல் அவர் காலமானபோதும் கார் ஓடுகிற நிலையில் இருந்தது.

"இஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்திருப்பாரே!" என்பார்கள். புதுப்பித்தார். அதற்குத்தானே பராமரிப்பு என்று பெயர்? அந்தக் காருடன் பிறந்த எத்தனையோ கார்கள் அதில் நூற்றில் ஒரு பங்கு கூட ஓடாமல், துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றின் மைல் மீட்டரைப் பார்த்தால் மிகவும் குறைவாகத்தான் இருக்கும்!

ஆகவே, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர், விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: "கடைசியாக எப்போது, எங்கே, எதை எதை மாற்றினீர்கள்?" அவர் உள்ளே போய்த் தடித்த ரசீதுக் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து மேஜைமேல் போட்டால், மைல் லட்சத்தைத் தாண்டியிருந்தாலும் உட்கார்ந்து பேசுங்கள். அப்படி இல்லாமல், "மாற்றுவதா? அதற்கு அவசியமே இல்லையே. 18,000 மைல்தானே ஓடியிருக்கிறது!" என்று பதில் வந்தால், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி, அவர் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வீடு வந்து சேருங்கள்.