ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வாசிப்போம்

போன மார்கழியில் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டு ஓனர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, ராத்திரியில மேல என்ன தட்டிண்டே இருக்கே? கீழ டொக்கு டொக்குன்னு கேட்கறது. சாவு வீட்டு மேளம் மாதிரி இருக்கு."

கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்ஃபோனைக் காட்டினேன். "பியானோ சார். இதைப் போட்டுக்கிட்டுத்தான் வாசிக்கிறேன். வெளிய சத்தம் வராது."

அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரோரமாக என் டிஜிட்டல் பியானோ இருந்தது. முகம் மாறியது.

"பியானோவா? நீங்க சர்ச்சுக்குப் போறவாளா?"

"இல்ல சார்."

"ஊரு எதுன்னு சொன்னே?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"விழுப்புரத்துல எங்க?"

இந்தக் கேள்வி வரிசையின் கடைசிப் படி எதுவென்று உங்களுக்குத் தெரியும் தோழர்களே. மயிலாப்பூரில் வீடு தேடும்போது கம்பெனி அடையாள அட்டையைக் காட்டியும், அசைவம் சமைக்க மாட்டேன் என்று பொய் சொல்லியும் அந்தப் படியில் ஏறாமல் தப்பித்திருந்தேன். பியானோ என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஒரு விழுப்புரத்துக்காரன் வீட்டில் பியானோ இருக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஒன்று மதம், இல்லையென்றால் சாதி. ஆசைப்பட்டு வாங்கினான் என்பது மட்டும் அவருக்குக் காரணமாகப் படவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் உண்மையில் கேட்டிருக்கிறது. டிஜிட்டல் பியானோவில் 88 கட்டைகள். நிஜப் பியானோவின் கனம் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சுத்தியல் அமைப்பு உண்டு. ஹெட்ஃபோன் மாட்டினால் ஸ்பீக்கர்தான் அடங்கும். கட்டை கீழே போய் இடிக்கும் அதிர்வு ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, கீழ்வீட்டின் மேற்கூரையில் டொக்கு டொக்கு என்று கேட்கும். இது தெரிந்ததும் மறுநாளே உடற்பயிற்சிக் கூடங்களில் போடும் தடித்த ரப்பர் பாயை வாங்கி ஸ்டாண்டுக்கு அடியில் விரித்தேன். நண்பன் ஒருவனை வாசிக்கச் சொல்லிவிட்டு நானே படிக்கட்டில் இறங்கி நின்று கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

சத்தம் நின்றது. புகார் நிற்கவில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் ஓனர் கேட்டார்: "பண்டிகை நாள்லகூட விடாம தட்டணுமாப்பா?"

பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து அவருக்குக் கேட்டது என்ன? நான் அங்கே இருக்கிறேன் என்பதுதான் அவருக்குச் சத்தம்.

இதே கட்டடத்தில் மார்கழி முழுக்க விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பாவை ஸ்பீக்கரில் அலறியது. ஒருவரும் மாடியேறிப் போய்க் கதவைத் தட்டவில்லை. எதிர்வீட்டுச் சிறுமி மாலையில் இரண்டு மணி நேரம் வயலின் சாதகம் செய்கிறாள். வில் இழுபடும், சுருதி விலகும், மறுபடி தொடங்குவாள். படிக்கிற குழந்தை அப்படித்தான் வாசிக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை, அவள் நன்றாக வரட்டும். ஆனால் அவள் தப்பாக வாசித்தால் "சரஸ்வதி கடாட்சம்" என்கிற அதே வாய், நான் ஹெட்ஃபோனுக்குள் சரியாக வாசித்தாலும் "சாவு மேளம்" என்கிறது. எது இசை, எது இரைச்சல் என்று இந்த நகரத்தில் காது முடிவு செய்வதில்லை. சாதி முடிவு செய்கிறது.

வயலின் மட்டும் எந்த ஊர் வாத்தியம்?

"பியானோ நம்ம மண்ணோட வாத்தியம் இல்லையே" என்பது இவர்கள் அடுத்து எடுக்கும் ஆயுதம். சரி, வயலின் எந்த மண்ணிலிருந்து வந்தது? சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். கும்பினிக்காரனின் வாத்தியம் அக்கிரகாரத்துக்குள் நுழைந்ததும் அது 'நம் மரபு' ஆகிவிட்டது. இன்று அது பக்கவாத்தியமாக இல்லாத சபா கச்சேரி அரிது. யாரும் அதைப் பார்த்து "சர்ச்சுக்குப் போறவாளா" என்று கேட்பதில்லை.

கட்டை வாத்தியத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது. அந்நிய வாத்தியம், நம் கமகம் அதில் வராது என்றார்கள். கமகம் வராது என்பது இசை சார்ந்த வாதம், அதைப் பேசலாம். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளும் ஆர்மோனியம் எங்கே இருந்தது? நாடகக் கொட்டகையில், தெருக்கூத்தில், சேரிக் கோயிலில், கம்யூனிஸ்ட் கட்சி மேடையில். வானொலி நிலையத்தின் கதவு மூடியிருந்தபோது எளிய மக்களின் கையில்தான் அது உயிரோடு இருந்தது.

அப்படியொரு மேடையிலிருந்து வந்தவர்தான் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சிக் கூட்டங்களுக்கு ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர். அவர் சென்னைக்கு வந்து மேற்கத்திய இசையும் பியானோவும் கற்றது எங்கே? இதே மயிலாப்பூரில், ஒரு லாட்ஜ் அறையில் குடியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம். சபாக்கள் நிறைந்த இந்தப் பேட்டையில், ஒரு லாட்ஜ் அறைதான் அவருக்குக் கல்லூரியாக இருந்தது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது.

இளையராஜாவின் அரசியலோடு நமக்கு உடன்பாடில்லை. 2022-இல் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையை விமர்சித்தோம், இன்னும் விமர்சிப்போம். ஆனால் அந்த லாட்ஜ் அறை தருகிற பாடத்தை விட்டுக்கொடுக்க முடியாது. வீடு, குரு, பரம்பரை என்ற மூன்று வாசலும் மூடியிருந்தபோது, ஒரு அறையும் ஒரு கட்டை வாத்தியமும் சொல்லிக்கொடுக்கத் தயங்காத ஒரு மனிதரும் போதுமாக இருந்தார்கள்.

'பறை இருக்க பியானோ எதற்கு?'

இனி நம் பக்கம் திரும்புகிறேன். நம்மிடமும் ஒரு கோளாறு இருக்கிறது.

பியானோ வாங்கியதைச் சொன்னபோது ஒரு தோழர் சிரித்தார். "ஏன் தோழர், நமக்குப் பறை இருக்கே. இது மேட்டுக்குடி வாத்தியமாச்சே?" அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அப்பா பறையடித்தவர். விரும்பி அடிக்கவில்லை. ஊரில் ஆதிக்க சாதி வீட்டில் சாவு விழுந்தால் கூப்பிட்ட நேரத்துக்குப் போயாக வேண்டும். ஒருநாள் "இனி வரமாட்டேன்" என்றார். அதற்கு அவர் கொடுத்த விலை எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்ததும் நம் போராட்டம். அதே பறையைச் சாவு வீட்டிலிருந்து மீட்டு விடுதலைக் கருவியாக மேடையில் ஏற்றியதும் நம் போராட்டம். இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் நாம் என்பதே அதன் பெருமை. அந்த முடிவை மறுபடியும் பிறப்போடு கட்டி, "உனக்கு இது போதும்" என்று சொன்னால், சொல்வது ஓனராக இருந்தாலும் தோழராக இருந்தாலும் அதன் பெயர் ஒன்றுதான்.

அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார். எவ்வளவோ வேலைகளுக்கு நடுவே, வயது போன பிறகு. யாருக்கும் எதையும் நிரூபிக்க அல்ல, பிடித்திருந்தது, கற்றார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் நிகழ்ச்சி நடந்தபோது கானாவும் பறையும் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. எந்த வாத்தியம் எந்தச் சாதிக்கு என்ற கணக்கே அங்கே குலைந்தது. நாம் போக வேண்டிய திசை அது.

அமெரிக்காவில் நீனா சிமோன் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். சிறுமியாக இருந்தபோது அவருடைய பியானோ நிகழ்ச்சியில் முன்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோரை, வெள்ளையருக்கு இடம்விடச் சொல்லிப் பின்னால் அனுப்பினார்கள். அவர்கள் முன்வரிசைக்குத் திரும்பும்வரை வாசிக்க மாட்டேன் என்று கட்டையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னாளில் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை சொன்னார். 2003-இல் அவர் சாகும் தறுவாயில்தான் அதே கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்தது. "பியானோ வெள்ளைக்காரர்களுடையது, உனக்கெதற்கு" என்று அவரிடம் சொல்லியிருந்தால் யாருக்கு லாபமாகியிருக்கும்?

கருவி வந்துவிட்டது, இடம்?

டிஜிட்டல் பியானோ தன்னளவில் புரட்சிகரமான பொருளில்லை. கடைச் சரக்குதான். ஆனாலும் அது சில வாசல்களை உடைத்திருக்கிறது. நிஜப் பியானோ லட்சங்களில் விலை. சென்னையின் கடற்காற்றுக்கு அடிக்கடி சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். வைக்கக் கூடம் வேண்டும். டிஜிட்டலுக்கு ஒரு பிளக் பாயிண்டும் நான்கரை அடி சுவரும் போதும். சுருதி சேர்க்கும் வேலையே இல்லை. அடையாறில் வீடு காலி செய்தவர் ஒருவரிடம் நான் பழையதாக 28 ஆயிரத்துக்கு வாங்கினேன். பத்து மாதச் சேமிப்பு.

வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். 61 கட்டை கீபோர்டில் தொடங்குவது தப்பில்லை. முடிந்தால் கனமுள்ள 88 கட்டை வாங்குங்கள், விரலுக்குப் பலம் வரும். பழையது வாங்கும்போது ஒவ்வொரு கட்டையையும் மெல்லவும் அழுத்தியும் தட்டிப் பாருங்கள். அடாப்டர் அந்தக் கருவிக்கு உரியதுதானா என்று பாருங்கள். உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் உயரத்துக்கு வர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே தலையணை போட்டுக்கொள்ளலாம். அடியில் ரப்பர் பாய் போடுங்கள். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். குரு கிடைக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். தி.நகரில் நான் சேரப்போன ஒரு வகுப்பில் "வீட்டுல யாராவது மியூசிக் பேக்கிரவுண்டா?" என்று கேட்டார்கள். யூடியூப் அப்படிக் கேட்பதில்லை.

ஆனால் 28 ஆயிரம் எல்லோருக்கும் முடியாது. கருவி முடிந்தாலும் சுவர் வேண்டும். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். கால்வாய் ஓரத்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போய்விட்டு, மிச்சமிருக்கும் தென்சென்னையில் அமர்ந்துகொண்டு 'கலாச்சாரத் தலைநகரம்' என்று பேசுகிறார்கள். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. வாத்தியம் செய்தவரைப் பற்றிய புத்தகத்துக்கே அங்கே இடமில்லை.

ஆகவே இதைத் தனிமனித சாதனைக் கதையாக முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அரசிடம் கேட்க நமக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு வாசிக்க முடிகிற வாத்தியத்தை நூலகத்திலேயே வைக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பத்து டிஜிட்டல் பியானோ வைத்தால் பக்கத்து மேசையில் படிப்பவருக்குத் தொந்தரவில்லை. ஹெல்சின்கி நகரின் ஊடி நூலகத்தில் இசைப் பயிற்சி அறைகளே உண்டு. நம் முதல்வர் படைப்பகங்களில், மாநகராட்சிப் பள்ளிகளில், கண்ணகி நகர் சமூகக் கூடத்தில் ஏன் இருக்கக் கூடாது? அறிவுக்கு நூலகம் என்று ஒப்புக்கொண்ட அரசு, இசைக்கு மட்டும் "அவரவர் வீட்டில்" என்று சொன்னால், வீடு இருப்பவர்களுக்கே இசை என்றுதான் பொருள்.

நூலகத்தில் ஹெட்ஃபோன் மரியாதை. எல்லோரும் அமைதியாக இருக்கிற இடத்தில் நானும் அமைதியாக இருப்பேன். வீட்டில் என் ஒருவனுக்கு மட்டும் ஹெட்ஃபோன் என்றால் அது வாய்ப்பூட்டு.

போன வாரம் ஓனரிடம் நானே இறங்கிப் போய்ச் சொன்னேன்: "சார், சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் ஸ்பீக்கர்லதான் வாசிக்கப் போறேன். எதிர்வீட்டுப் பாப்பா வாசிக்கிற நேரந்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல எந்த வாத்தியமும் வேண்டாம்னு அசோசியேஷன்ல எல்லாருக்கும் சேர்த்து எழுதி ஒட்டுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். எனக்கு மட்டும் தனிச் சட்டம்னா முடியாது."

பதில் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். சொன்னால் பியானோவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். அங்கேயும் ஆறு மணிக்கு வாசிப்பேன். அப்பா ஒருநாள் அடிக்க மாட்டேன் என்றார். நான் நிறுத்த மாட்டேன் என்கிறேன்.