அறுபது வயதில் காப்புறுதி: முதுகில் உள்ள ஷெல் துண்டை எழுதுவதா, விடுவதா?

கடந்த மாதம் எனக்கு 60 வயது முடிந்தது. அடுத்த கிழமையே காப்புறுதி முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தெரிந்த தம்பிதான். கொண்டுவந்த படிவம் முழுவதும் ஆங்கிலம். அவரே வாசித்து, அவரே நிரப்பிக்கொண்டு போனார். முன்னைய காயங்கள், சத்திரசிகிச்சைகள் என்ற இடம் வந்தபோது, 2009 இல் முதுகில் ஏறி இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் ஷெல் துண்டைச் சொன்னேன். பேனையை நிறுத்தினார். "அதை எழுத வேண்டாம் ஐயா. எழுதினா ஒப்பிசில கேள்வி வரும்" என்றார்.

வன்னியில் ஓய்வு வயதை அடையும் எத்தனையோ பேருக்கு இதே கேள்வி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அரச ஓய்வூதியருக்கு ஒரு பிடிமானம் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. அது ஓய்வூதியருக்கும் விரிவாக்கப்பட்டது. ஓய்வுபெறப் போகிற ஆசிரியர்கள், எந்தப் படியில் இருக்கிறோம், எந்த வயதுவரை, வாழ்க்கைத்துணைக்கும் உண்டா என்பதைக் கடைசிச் சம்பளத்துக்கு முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைப் போன்ற தனியார்துறைக்காரரிடம் பிரதானமாக இருப்பது ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது ஒரு தொகை. இடம்பெயர்வால் மூன்று தரம் வேலை இழந்தவருக்கு அதில் பெரிய ஓட்டைகள் இருக்கும். மீனவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதுவும் இல்லை. அந்தக் காசை எடுத்துத்தான் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும். வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறும்.

அப்படியென்றால் கட்டுவது எதற்காக? எங்கள் வயதில் மாதாமாதம் வருவது சீனி, பிரஷர் மருந்து. அது அரச கிளினிக்கில் இலவசம். 2022 நெருக்கடியில் நடந்தது போல மருந்து இல்லாமல் துண்டு எழுதித் தந்தால் பாமசியில் வாங்க வேண்டும். வாட்டில் தங்கினால் மட்டும் பணம் தரும் காப்புறுதி அந்தத் துண்டுக்கு ஒரு சதமும் தராது. உண்மையில் எங்களை விழுத்துவது வேறு: திடீர் இருதயச் சிகிச்சை, தனியாரில் எடுக்கச் சொல்லும் ஸ்கான், கொழும்புக்குப் போய்வரும் வாகனக்கூலி, கூட நிற்பவரின் தங்குமிடம். கடைசி இரண்டையும் எந்தக் காப்புறுதியும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் அரச வைத்தியசாலையில் தங்கினாலும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும் திட்டங்கள் உண்டு. எங்களுக்கு அதுதான் உதவும். முகவர்கள் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள். 'மகன் அனுப்புவான்' என்பதை ஒரு திட்டமாக நான் எடுப்பதில்லை. அவனுக்கும் அங்கே வாடகை இருக்கிறது.

இனி அந்த ஷெல் துண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னர் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே மறைத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். நான் சொல்லும் பதில் மருத்துவப் பதிவில் ஏறும். பணம் கேட்டுப் போகும்போது நிறுவனம் பார்ப்பதும் அதே பதிவைத்தான். படிவத்தில் இல்லாத காயம் பதிவில் இருந்தால், உண்மையை மறைத்தார் என்று முழுக் கோரிக்கையையும் நிராகரிக்க இடம் உண்டு. அப்போது முகவர் பக்கத்தில் இருக்க மாட்டார். கையெழுத்து என்னுடையது.

எழுதினாலோ, ஏற்கெனவே உள்ள நோய் என்று அதை விலக்கிவிடுவார்கள், அல்லது கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள். கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்கு அது நியாயமாகத் தெரியலாம். ஆனால் 2009 இல் அந்த மண்ணில் நின்றதை நான் புகைபிடிப்பது போல ஒரு பழக்கமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2018 இன் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் வந்தது. காயத்துக்கு ஒருமுறை கொடுக்கும் காசு, வயது போகப்போக அதே காயம் கேட்கும் செலவுக்குக் காணாது. சந்தை விலக்கும் உடம்புகளுக்கு அரசு ஒரு பங்களிப்புக் காப்புறுதியை ஏற்படுத்த வேண்டும் என்று எங்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கலாம். படிவத்தைத் தமிழில் தா என்று கேட்பதற்குப் பாராளுமன்றமும் தேவையில்லை.

அதுவரை பெரிய சத்திரசிகிச்சை வந்தால் ஜனாதிபதி நிதியம் ஒரு வழி. 2025 முதல் விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

முகவர் தம்பியை மீண்டும் கூப்பிட்டேன். புதிய படிவத்தில் 'முதுகில் ஷெல் துண்டு, 2009' என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன், ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் பதில் வரவில்லை. விலக்கோடு வந்தால் நாளாந்தக் கொடுப்பனவுத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சக் காசை மனைவியின் பெயரில் வங்கியில் போடுவதாக இருக்கிறேன்.