சொந்த நகரில் ஒரு நாள் பயணிகள்

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று தேசிய விடுமுறை நாட்களிலும் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா சதுக்கத்தில் கூடும் மக்களைக் கவனிப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் அல்லர். கல்யாண், திவா, நாலாசோப்பாரா, கோவண்டி, தாராவி என அதே பெருநகரின் பகுதிகளிலிருந்து புறநகர் ரயிலேறி வந்தவர்கள். விடியுமுன் எழுந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புத்தாடை உடுத்தி, காகிதக் கொடி ஒன்றையும் கையில் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நகரத்தை அன்றுதான் அவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் வழியே அன்றாடம் பல லட்சம் உழைப்பாளிகள் கடந்து செல்கின்றனர். யுனெஸ்கோ அமைப்பு 2004ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கட்டடம் அது. ஆனால் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அதன் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஏது நேரம்? விடுமுறை நாளில் தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே வாயிலில் நிற்கும்போதுதான் அங்குள்ள கற்சிற்பங்கள் அவர் கண்ணில் படுகின்றன. உழைப்பவர் தம் நகரைக் கண்குளிரக் காண்பதற்குக்கூட ஓய்வு தேவைப்படுகிறது.

அந்த ஓய்வும் எவரும் இரக்கப்பட்டு அளித்ததன்று. மகாத்மா ஜோதிபா புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே 1884இல் பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டினார். வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. விடாத முயற்சிக்குப் பின் 1890இல் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஏற்றனர். கடற்கரையில் காற்று வாங்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமற் போனது அவர்களின் குற்றமன்று. அதைச் சொல்லும் ஒரு பலகைகூடச் சுற்றுலாப் பாதையில் எளிதில் தென்படுவதில்லை.

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை வேறு. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக எழுந்து 1924இல் நிறைவுற்றது கேட்வே என்பார்கள். பிரிட்டிஷ் படையின் கடைசி அணி 1948 பிப்ரவரி 28 அன்று இவ்வாயில் வழியாகவே வெளியேறியது என்பதையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் படையை வெளியேற வைத்தவர்கள் யார்? 1946 பிப்ரவரி 18 அன்று இந்நகரின் தல்வார் கடற்படைப் பயிற்சித் தளத்தில், மோசமான உணவையும் நிறவெறி வசவுகளையும் எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போராட்டம் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் பரவியது. பிரிட்டிஷ் கொடி இறங்கியது. காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் கொடிகள் ஒன்றாக ஏறின. முற்றுகையிடப்பட்ட மாலுமிகளுக்கு மக்கள் ரொட்டியும் பழமும் சுமந்து வந்து சேர்த்த இடம் இதே கேட்வே கரைதான். பிப்ரவரி 22 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று பிள்ளைகள் பட்டாணிச் சுண்டல் கொறித்தபடி படகுகளை வேடிக்கை பார்க்கும் படித்துறைக்கு இந்த வரலாறும் உண்டு.

அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உயர் நீதிமன்றம். 1908 ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாட்கள் பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் போராட்டத்துக்கு முதிர்ந்துவிட்டது என்று லெனின் கணித்தது இதைக் கண்டுதான். அருகிலுள்ள ஹுதாத்மா சதுக்கத்தில் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் சிலை ஒரு தொழிலாளிக்கும் ஒரு விவசாயிக்கும் உரியது. மொழிவழி மாநிலம் கோரிய சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர் நீத்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் நினைவுச் சின்னம் அது. 1960 மே முதல் நாளன்று மகாராஷ்டிரம் பிறந்தது அவர்களின் குருதியில்தான்.

வடக்கே பரேல், லால்பாக், லோயர் பரேல். மராத்தியர் ‘கிரண்காவ்’, அதாவது மில்களின் ஊர், என்று அழைத்த பகுதி. 1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1991ஆம் ஆண்டு விதிகள் மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுவெளிக்கும், ஒரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் ஒதுக்கின. 2001ஆம் ஆண்டுத் திருத்தமோ கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கிவிட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நூல் நூற்ற கூடங்கள் இருந்த இடத்தில் இன்று மால்கள். பழைய புகைபோக்கி ஒன்று அலங்காரமாக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. விடுமுறை நாளில் குளிர்சாதன வசதியை நாடி வரும் முன்னாள் மில் தொழிலாளியின் பேரன், தாத்தா வேலை பார்த்த மண்ணில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

“ஓய்வு நாளில் மகிழ்ந்திருக்க விடுங்கள், அதிலுமா அரசியல்?” என்று கேட்போர் உண்டு. மக்கள் மகிழ்ந்திருக்க வேண்டும், இன்னும் பல நாட்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் என்பதே தொழிலாளி வர்க்கத்தின் நிலைப்பாடும். ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்வதிலேயே அரசியல் இருக்கிறது. அரசர்களும் செல்வந்தர்களும் கட்டியதாக ஒரு நகரம் காட்டப்படும்போது, கல் சுமந்தவர்களின் பிள்ளைகள் அதில் விருந்தாளிகளாகவே உணர்வார்கள். விருந்தாளியை வெளியேறச் சொல்வது எளிது.

தாராவியைப் பாருங்கள். நெல்லைச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோல் பதனிட்டு வாழ்ந்த மண் அது. வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி அதன் சந்துகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அதே மண்ணை மறுசீரமைக்கும் பணி அதானி குழுமத்தின் கைக்குப் போயிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகச் சான்று காட்ட இயலாதவர்களுக்குத் தாராவியில் இலவச வீடு இல்லை. நகரின் வேறு பகுதிக்குச் செல்ல வேண்டும் என்கிறது திட்டம். காலமெல்லாம் உழைத்த இடத்துக்கு இனி அவர்களும் பயணிகளாகத்தான் வர நேரிடுமோ?

அந்த ஒரு நாள் உலாவும் வாய்க்காதவர்கள் இன்னும் பலர். கேட்வே சதுக்கத்தில் குப்பை கூட்டும் ஒப்பந்தப் பெண் தொழிலாளி, மால் வாயிற்காவலர், வீடுதேடி உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஆகியோருக்குத் தேசிய விடுமுறை என்பது வேலைப்பளு கூடும் நாள். வீட்டில் உள்ளோரை அனுப்ப அதிகாலையில் அடுப்படியில் நிற்கும் பெண்களின் உழைப்போ எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

செய்ய வேண்டியவை அரிய செயல்களல்ல. தேசிய விடுமுறை ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, ஊதியத்துடன் உறுதி செய்யப்பட வேண்டும். காலாசௌக்கியில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் ஜவுளி அருங்காட்சியகம் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றோடு முழுமை பெற வேண்டும். தொழிற்சங்கங்களும் வாலிபர், மாதர் அமைப்புகளும் அடுத்த விடுமுறை நாளிலேயே மக்களோடு இந்தப் பாதையில் நடக்கலாம். மில் சாளில் வாழும் முதியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளலாம்.

மும்பைக்குச் சொன்னது கொல்கத்தாவுக்கும் கான்பூருக்கும் கோவைக்கும் பொருந்தும். அண்ணாந்து பார்க்கும் மகளுக்கு அந்தத் தந்தை, “இதை நம்மவர்கள் கட்டினார்கள்; இந்தக் கரையில் நம்மவர்கள் போராடினார்கள்” என்று சொல்லத் தெரிந்திருந்தால், அன்று மாலை வீடு திரும்பும் ரயிலில் அவள் பயணியாக அமர்ந்திருக்கமாட்டாள்; நகரத்தின் உரிமைக்காரியாக அமர்ந்திருப்பாள்.