செம்மண்ணுக்கு என்ன தேவை?
கோடையில் ஆரணிப் பக்கம் போனால், வற்றிய ஏரிகளிலிருந்து வண்டல் ஏற்றிச் செல்லும் டிராக்டர்களைப் பார்க்கலாம். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர் என்றே ஆரணியைச் சொல்கிறோம். அந்த நெல் நிற்கும் மண்ணைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் செம்மண்தான். பொலபொலவென்று இருப்பதால் வேர்க்கடலைக்கு வெகு பொருத்தம்: பூத்தபின் விழுது சுலபமாக மண்ணில் இறங்கும், பிடுங்கும்போது காய் அறாமல் செடியோடு வரும். ஆனால் அதே மண்ணில் ஈரம் தங்காது, தழைச்சத்தும் மக்கிய பொருளும் குறைவு. அதை ஈடுகட்டத்தான் முன்னோர் ஏரி வண்டலை வயலில் அடித்தார்கள். 2017-இல் அரசு அதை விவசாயிகள் இலவசமாக எடுக்க வழிவிட்டது நல்ல காரியம். ஆனால் எந்த வயலுக்கு எது தேவை என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். அந்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும், 2015-இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. எனக்கு முக்கியம், மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்று காட்டும் அங்ககக் கரிமம் என்ற ஒரு வரி. அங்கே ‘குறைவு’ என்றிருந்தால் யூரியா மூட்டையைக் கூட்டுவதால் மட்டும் மண் தேறாது. தொழுவுரமும் தக்கைப்பூண்டுப் பசுந்தாள் உரமும் வண்டலும் வேண்டும். உரக்கடைக்குப் போகுமுன், வயலில் பல இடங்களில் எடுத்துக் கலந்த அரை கிலோ மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். செலவும் மிச்சம், நிலமும் பிழைக்கும்.